உலகமெல்லாம் ஹத்தாத்

குடும்பப்பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் அல்ல. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எந்தெந்த நாட்டில் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்று வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொண்டுவிட்டவர்தான் ஆபத்தானவர். இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர்ப்பரவலர் என்று நான் வைக்கிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். முதலில் உங்கள் பெயரைக் கேட்பார். தெரிந்துகொள்வதற்காக அல்ல. நீங்கள் மரியாதைக்கு "உங்க பேரு?" என்று திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா, அதற்காக. கேட்டுவிட்டீர்களா? தீர்ந்தது. பஸ்ஸில் என்றால் உங்கள் நிறுத்தம் போய்விட்டது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் என்றால், உங்கள் முறை வருமுன்னே வலி காதுக்கு ஏறிவிட்டது. எழவு வீட்டில் கூட இவர் வாய் மூடியிருக்க மாட்டார், இறந்தவரின் மகனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, பிடியைத் தளர்த்தாமலே, "உங்க அப்பா பேரோட பின்பகுதி இருக்கே, அது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு நேர் கீழ் வீட்டில் இந்த இனத்தில் ஒருவர் குடியிருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். குடும்பப்பெயர் ஹத்தாத். ஐம்பத்து நாலு வயது வரை அந்தப் பெயர் அவரிடம் சாதுவாகத்தான் இருந்தது. கதவில் ஒட்டியிருக்கும், கையெழுத்தின் வாலில் வரும், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் அலுவலகத்தில், பெயரைத் தட்டினால் அர்த்தமும் பரவலும் புள்ளி புள்ளியாகக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது.

முதலில் வந்தது அர்த்தம். அரபுச் சொல். இரும்புக் கொல்லர்.

மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. தளபதி, நீதிபதி, குறைந்தது ஒரு குதிரை வியாபாரியாவது என்று எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. நாலாம் நாள் மாடிப்படியில் என்னை மடக்கினார். முகத்தில் தெளிவு.

"கொல்லர்னா என்ன சார்? வாள் செய்றவர். வாள் இல்லாம ராஜா உண்டா?"

"இல்லதான்."

"அப்ப ராஜாவை ராஜா ஆக்கினது யாரு?"

என் பதில் அவருக்குத் தேவை இல்லை. குதிரைக்கு லாடம், கலப்பைக்குக் கொழு, கோட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்று அடுக்கிக்கொண்டே போய், மூன்றாம் மாடி வருவதற்குள் மனித நாகரிகம் முழுவதையும் தன் குடும்பத்தின் பேருக்கு எழுதி முடித்துவிட்டார். இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க ஆள் கிடையாது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பரவலைக் குறிக்க ஆள் உயர உலக வரைபடம் ஒன்று வாங்கி வந்தார். மாட்ட வேண்டும். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது சுவரை எடுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது அவர் கட்டைவிரலில் இறங்கியது. கடைசியில் அவர் மனைவி, அந்த வீட்டுக்கார அம்மா, ஒரு நூல் கயிறு எடுத்து வந்து, கூடத்து ஜன்னலின் இரும்பு கிரில்லில் வரைபடத்தைக் கட்டிவிட்டார். நல்ல கிரில் அது. பூவேலை எல்லாம் செய்து, பற்றவைத்த இடம் தெரியாமல் தேய்த்து, பதினோரு வருடத்தில் ஒரு கம்பி ஆடாதது.

அதன்பிறகு அந்தக் கூடத்துக்குப் போனவர்கள் யாரும் தண்ணீர் குடித்துவிட்டு உடனே திரும்பியதில்லை. கையில் அளவுகோலோடு நிற்பார். சிரியா, லெபனான், ஈராக், ஜோர்டான், அல்ஜீரியா, எல்லாவற்றிலும் சிவப்பு ஊசி. அங்கிருந்து கப்பலேறிப் பிழைக்கப் போனவர்கள் பிரேசிலில், அர்ஜென்டினாவில், அமெரிக்காவில். அங்கெல்லாம் பச்சை ஊசி. "சும்மா சொல்லல சார், கணக்கு இருக்கு" என்பார். ஒரு தொழிலிலிருந்து வந்த பெயராயிற்றே, ஊருக்கு ஊர் பட்டறை இருந்திருக்கும், ஒவ்வொரு பட்டறைக்காரரையும் ஊர்க்காரர்கள் அப்படித்தானே கூப்பிட்டிருப்பார்கள், அத்தனை பேரும் எப்படி உங்களுக்குச் சொந்தம் ஆவார்கள் என்று நான் ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்குப் புரியாது சார். நீங்க பேருக்கு முன்னால ஒத்தை எழுத்தோட வாழுறவர். ரத்தம் பேசும்."

பேசியது. பிரேசிலில் இருக்கும் ஹத்தாத் என்ற பல் டாக்டருக்கு அவர் நாலு பக்கம் கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பல் சுத்தம் செய்ய முப்பது சதவீதம் தள்ளுபடி என்று ஒரு விளம்பரத் தாள். அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். "எவ்வளவு தூரத்தில இருந்துக்கிட்டு நம்ம பல்லைப் பத்தி அக்கறைப்படுறார் பாருங்க!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் மகளின் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

பத்திரிகை அச்சாகி வந்ததும் நூற்று நாற்பதை வெளிநாட்டு ஹத்தாத்துகளுக்கு அனுப்பினார். ஒருவர் முகமும் தெரியாது. இந்த ஊரிலேயே இருக்கும் ஒருவருக்கு மட்டும் அனுப்பவில்லை. அந்த ஒருவர் வராமல் மேடை ஏற மாட்டேன் என்று மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய சித்தப்பா.

சங்கதியை வீட்டுக்கார அம்மாதான் எனக்குச் சொன்னார். பதினோரு வருடம் முன்பு அவர்கள் இந்த வீட்டை வாங்கியபோது, தம்பிதான் கூடத்து ஜன்னலுக்கு கிரில் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்காமல், தானே செய்து, தானே தூக்கி வந்து. சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டை. ஸ்டூலில் ஏறி நின்று பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது அலுவலக மேலாளர் புது வீடு பார்க்க வந்துவிட்டார். யார் இவர் என்று சாதாரணமாகக் கேட்டார். நம்மவர் தம்பியின் சட்டையைப் பார்த்தார், மேலாளரின் சட்டையைப் பார்த்தார்.

"கிரில் வேலைக்கு வந்த ஆள் சார்."

தம்பி மிச்சமிருந்த இரண்டு கம்பியையும் ஒழுங்காகப் பற்றவைத்து முடித்தார். சாமான்களைப் பையில் போட்டார். அண்ணி கொடுத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போனார். இதில் யாருக்குக் கோபம் வர வேண்டும்? அண்ணனுக்கு வந்தது. "சொல்லாம கொள்ளாம போறான்! மூத்தவன்னு ஒரு மரியாதை வேணாம்?" அன்றோடு தம்பி பேச்சு அந்த வீட்டில் தடை. இரும்பு வேலை செய்கிறவனைத் தம்பி என்று சொல்ல நா எழாத மனிதர்தான், இரும்புக் கொல்லரின் வாரிசு என்று பதினைந்து நாடுகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அதே கிரில்லில் உலகத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, நான் கல்யாண மண்டபத்துச் சாவி விஷயமாகக் கீழே போயிருந்தேன். நம்மவர் கணினி முன்னாலிருந்து துள்ளி எழுந்தார்.

"சார்! இதுல ஊர்வாரியாவும் காட்டுது! நம்ம ஊர்ல ஹத்தாத் எத்தனை தெரியுமா? ஆறு!"

"அப்படியா?"

"நான், இவ, பொண்ணு. மூணு. மிச்சம் மூணு பேர் யாரு? நம்ம ஊர்லயே, எனக்குத் தெரியாம மூணு பேர்!"

வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பையன். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மனிதர் நடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தம்பியை மனசிலிருந்து அவ்வளவு சுத்தமாகக் கழித்திருந்தார். கூட்டும்போது அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அப்பா, அந்த மூணு பேரைக் கண்டுபிடிச்சா கல்யாணத்துக்குக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுறதாவது! முதல் வரிசையில உட்கார வைப்பேன்!"

"நிஜமா?"

"சார் சாட்சி!"

"அப்ப நான் விலாசம் கண்டுபிடிச்சுத் தரேன்ப்பா" என்றாள். அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாள். தேடினால் அல்லவா நேரமாகும்?

தம்பி பட்டறையை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாற்றி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த விவரம் நம்மவருக்குத் தெரியாது. மறுநாள் காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பத்திரிகை உறையில் 'அறியாத உறவினர் அவர்களுக்கு' என்று அழகாக எழுதி, சாட்சியான என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்றே நிறுத்தம். பாதையெல்லாம் பேச்சு.

தெரு முனையிலேயே பலகை தெரிந்தது. தகட்டில் வெட்டிய எழுத்து: ஹத்தாத் இரும்பு வேலைகள். மனிதர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"பாருங்க சார். பேரும் இரும்பு, தொழிலும் இரும்பு. எத்தனை தலைமுறையா விடாம வச்சிருக்காங்க! என்ன கௌரவமான குடும்பமா இருக்கும்!"

உள்ளே ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நம்மவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். பொறி நின்றது. அந்த மனிதர் முகமூடியை எடுக்காமல் அப்படியே நின்று கேட்டார். ராஜா, வாள், லாடம், கோட்டைக் கதவு, சிரியா, பிரேசில், பல் டாக்டர், எல்லாம் வந்தது. "நம்ம தொழில் சாதாரணத் தொழில் இல்லைங்க. உங்க கையைப் பார்த்தாலே எனக்குக் கும்பிடத் தோணுது. நாம ஒரே ரத்தம்" என்று முடித்து, இரண்டு கையாலும் உறையை நீட்டினார்.

முகமூடி மேலே போனது.

"வாங்க சார். என்ன வேலையா வந்தீங்க?"

அந்தக் கேள்வியை எந்தக் கடைக்காரரும் கேட்பார். ஆனால் நம்மவரின் நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பெயர்ப் பித்து பிடித்த நாலு வருடத்தில் முதல்முறையாக அவர் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்தேன். தம்பி உறையை வாங்கி, அதில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"அறியாத உறவினர்," என்றார். "விலாசம் சரியாத்தான் இருக்கு."

பிறகு நம்மவர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உறையைத் திருப்பி வாங்கி, பட்டறை மேசையில் வைத்து, எழுதியதை அடித்துவிட்டு 'தம்பிக்கு' என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டது. தம்பி அதைப் பார்த்தார். வாங்கவில்லை.

"கல்யாணத்துல யாராவது என்னை யாருன்னு கேப்பாங்களே?"

"என் தம்பின்னு சொல்றேன்டா."

"என்ன பண்றான்னு கேட்டா?"

"இரும்பு வேலை செய்றான்னு சொல்றேன்." உறையை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். "ஜன்னல் கிரில் ஆடுதாண்ணே?"

"ஆடல. ஒரு கம்பி ஆடல."

"ஆடாது. டீ சொல்றேன், உட்காருங்க" என்றார். அன்று அந்த வீட்டில் அவர் குடிக்காத டீயை, இங்கே அண்ணன் குடித்தார். எனக்கும் ஒன்று வந்தது.

கல்யாணத்தில் தம்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது. வந்தவர்களை எல்லாம், பழைய மேலாளர் உட்பட, தம்பி முன்னால் இழுத்து வந்து நிறுத்தி, "என் தம்பி, இரும்பு வேலை, அசல் ஹத்தாத்" என்று தொடங்கி அல்ஜீரியா வரை ஓட்டிக்கொண்டுபோனார். சாப்பாடு ஆறிப்போனது. தம்பிதான் பாவம், எல்லாரிடமும் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல வேளை, நமக்கு அந்த வியாதி இல்லை என்று புத்தகத்தை மூடப் போகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒற்றை எழுத்துக்காரன் என்ற தைரியத்தில். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அந்த ஒற்றை எழுத்தை, கல்யாணமாகியும் மாற்றிக்கொள்ளாமல், இன்னொருவரும் வைத்திருக்கிறார். அக்கா. அவரிடம் நான் பேசி எத்தனை நாளாயிற்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நீங்கள் இதை முடித்த கையோடு உங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கத்தான் போகிறீர்கள். தெரியும். அர்த்தம் வரும், நாடுகள் வரும், பெருமையாகக்கூட இருக்கும். உங்கள் ஊரில் எத்தனை பேர் என்றும் ஓர் எண் வரும். விரல்விட்டு எண்ணுங்கள். கணக்கில் ஒன்றிரண்டு பேர் இடித்தால் அந்த இணையப் பக்கத்தில் ஏதோ பிழை என்று மட்டும் எழுதிப்போட்டுவிடாதீர்கள். அதற்கு உங்கள் சண்டை தெரியாது.