டாக்டர் ஜோதி மூன்றாம் மாடியில்

உலகத்தில் மற்ற மருத்துவமனைகள் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்கின்றன. பெயரை மாற்றியே தீயை அணைத்த பெருமை இந்த ஒரு மருத்துவமனைக்குத்தான் உண்டு.

'தீ' என்று கேட்டால் நோயாளிகள் பீதியடைவார்கள், பீதியடைந்தால் மருத்துவமனையின் பெயர் கெடும் என்று தீத்தடுப்புக் குழு கூட்டம் மேல் கூட்டம் போட்டுக் கண்டுபிடித்தது. ஆகவே எங்கே தீப்பிடித்தாலும், "டாக்டர் ஜோதி அங்கே இருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் இனிமையாக அறிவிக்க வேண்டும். 'தீ' என்று வாய் திறப்பவர் மேல் நடவடிக்கை பாயும். இந்த ரகசியத்தைக் குழு பொத்திப் பொத்திக் காத்ததில் ஊழியர்களில் பாதிப் பேருக்கே அது தெரியாமல் போனது.

மூன்றாம் மாடி எலும்பு வார்டு சிஸ்டருக்குத் தெரியும். அந்தக் கூட்டங்களுக்கு டீ வைக்கச் சொன்னதே அவரைத்தான்.

ஒரு நாள், பார்வையாளர் நேரத்தில், வார்டை ஒட்டிய துணி அறையிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் மாவுக்கட்டுக்காரர்கள். காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிற மனிதர் எங்கே எழுந்து ஓடுவார்? 'தீ' என்று கத்த சிஸ்டர் வாயெடுத்தார். ஆனாலும் வேலை போய்விடுமே! விதிப்படி ஆபரேட்டருக்குப் போன் செய்தார்.

"டாக்டர் ஜோதி மூன்றாம் மாடியில் இருக்கிறார்" என்று ஒலிபெருக்கி குழைந்தது.

வார்டு உதவியாளர் பதறிப்போய்ப் படுக்கை விரிப்புகளின் சுருக்கத்தை நீவத் தொடங்கினார். "புது டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாரா சிஸ்டர்? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அதற்குள் லிப்ட் திறந்தது. கீழே வரிசையில் காத்திருந்த கூட்டம் அப்படியே மேலே வந்துவிட்டது.

"ஜோதி டாக்டர் வந்துட்டாராமே, டோக்கன் எங்கம்மா வாங்கணும்?" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

"ஐயா, கீழ போங்க! அது டாக்டர் இல்லைங்க!"

"அப்ப கம்பவுண்டரா? பரவாயில்லம்மா, கைராசி இருந்தா போதும்."

பெரியவருக்குப் பின்னால் ஒரு அம்மா இருமிக்கொண்டே, "உள்ள ஏதோ மருந்துப் புகை போடறாங்க போல" என்று வியந்தார்.

சிஸ்டருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலையாவது மண்ணாவது!

"தீ! தீப்பிடிச்சிருக்கு! கட்டிலைத் தள்ளுங்க!"

அந்த ஒரு சொல் எல்லாருக்கும் புரிந்தது. டோக்கன் கேட்டவர்களே ஆளுக்கொரு கட்டிலைப் பக்கத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சிஸ்டர் இடைக்கதவைச் சாத்தினார். யாரோ கீழே சொல்ல, தீயணைப்பு வண்டி வந்தது. துணி அறை எரிந்ததோடு சரி, ஒரு உயிரும் போகவில்லை.

உடனே குழு கூடியது. இந்த முறை டீயை வேறொருவர் கொண்டுவந்தார்.

"தடை செய்யப்பட்ட சொல்லைச் சொன்னீர்களா?" என்றார் தலைவர்.

"சொன்னேன் சார்."

"நோயாளிகள் பயந்தார்களா?"

"பயந்தாங்க சார். அதனாலதான் உயிரோட இருக்காங்க."

குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதால் விசாரணை சுலபமாக முடிந்தது. சிஸ்டர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஜோதி என்ற பெயர் கூட்டத்தைக் கவர்வதாகக் கருதி, குழு அதையும் மாற்றியது. இனி எங்கே தீப்பிடித்தாலும், அங்கே இருப்பவர் 'டாக்டர் சாந்தி'. உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆத்மாக்களுக்கு வேண்டியதை நிர்வாகம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டது.