என் பெயரை அடித்துவிட்டார்கள், சந்தானம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
ஜூன் 1999

தங்கவயலில் இருக்கும் மச்சான் சந்தானத்துக்கு, உன் அக்காள் புருஷன் எத்திராஜ் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜோசஃபின் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும் அப்படியே இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

இங்கே காலேஜ் விடுதியில் இருக்கும் உன் மகன் ஹரிஷ்குமார் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். அவன் காலேஜ் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிறார்களாம், இவன் தன் பெயரையே கொடுக்கவில்லை. ஏண்டா என்றால், "ஓட்டு அன்னைக்கு லீவு மாமா, நந்தி மலைக்குப் போறோம்" என்கிறான். எழுத்துத் தெரியாத என்னையும் நம்பி ஐம்பத்திரண்டில் பெட்டிக்குப் பெட்டி படம் ஒட்டி வைத்தார்கள், அன்றிலிருந்து எந்தப் படத்துக்குப் போட்டேன், ஜெயித்தவன் என்னென்ன செய்யாமல் போனான் என்று வரிசையாகச் சொல்வேன், ஆனால் போன தடவை பூத்தில், நீ செத்துவிட்டாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யார் சொன்னது என்று விசாரித்தால், இதை எழுதிக்கொண்டிருக்கும் மகராசிதான். இங்கே பேனா நின்றுவிட்டது, எழுதும்மா என்கிறேன். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தில் தமிழரைத் தேடிக் கம்போடு வந்தவர்கள் என்னைக் கேட்டபோது வாசலில் நின்று, "அவரு சத்தோதரு", செத்துப்போனார் என்று கன்னடத்தில் சொல்லி என்னைச் சாகடித்துக் காப்பாற்றியவள் அவள். அந்த வாய்ப்பழக்கத்தில், பட்டியல் சரிபார்க்க வந்த அதிகாரியிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அன்று மார்க்கெட்டுக்குப் போன என் மகன் சந்திரசேகரனுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை, அவன் திரும்பவில்லை, உனக்குத் தெரியும். அதிகாரி அவனையும் கேட்டாராம். அவனைச் சொல்ல மட்டும் இவளுக்கு வாய் வரவில்லை, வேலைக்குப் போயிருக்கான் என்றிருக்கிறாள். இப்போது பட்டியலில் அவன் இருக்கிறான், நான் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலரிடம் போனேன். பட்டியலைப் புரட்டிவிட்டு, "உனக்கு எதுக்குப்பா தண்ணி?" என்கிறான்.

ஆகையால் ஹரிஷை அதட்டு. முதலில் தன் பெயரைச் சேர்க்கட்டும், பிறகு அந்தப் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து என்னைக் காட்டட்டும்.

உன் மனைவி மக்களுக்கு என் ஆசி. போனவர்கள் ஆசி நன்றாகவே பலிக்கும்.

இப்படிக்கு,
எத்திராஜ் (கைநாட்டு)

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தப் பிள்ளைகளே வந்துவிட்டார்கள். ஏழெட்டு இளவட்டங்கள், ஹரிஷ் இல்லை. கதவைத் தட்டி, இந்த வீட்டில் யார் யார் என்று கன்னடத்தில் கேட்டார்கள். ஜோசஃபின் எழுந்து போய், "அவரு சத்தோதரு" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவர்கள் தெருமுனை தாண்டும்வரை இருமலை அடக்கிக்கொண்டிருந்தேன். ஹரிஷைத் தனியாக வரச் சொல். மாமா என்று கூப்பிட்டால் திறக்கிறேன்.