மந்திரவாதியைத் தறியில் கட்டிய கதை

என் அக்கா புருஷன் ஒரு பொய்யர். எழுபதைத் தாண்டிய மனிதரை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், முதலில் அவர் புண்ணியத்தில் முதுகில் நான்கு வாங்கிவிட்டு வந்து கேட்கட்டும். (அடித்தது என் அப்பா. வாங்கிக் கொடுத்தது இவர்.)

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு தறி. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். (படித்தேன் என்பது சும்மா மரியாதைக்கு.) நானும் எதிர்வீட்டுத் தனபாலும் சேர்ந்து ஓர் ஆட்டம் கண்டுபிடித்திருந்தோம். ஒருவன் ராஜா, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் நடுவர். மந்திரவாதி தன் வித்தைகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் மந்திரம் போடும்போது நடுவர் சோழி உருட்டுவான். சோழி சொன்னால் மந்திரம் பலிக்கும். மந்திரவாதியைப் பிடித்து, விளக்கு வைக்கும்வரை சிறையில் வைத்திருந்தால் ராஜாவுக்கு வெற்றி. ராஜா நான்.

மந்திரவாதி, தென்னேரி மாமன் மகன் தாமோதரன். பி.யு.சி. தோற்றவன். மீசை வேறு. மீசை வைத்த ஆள் பள்ளிக்கூடப் பையன்களோடு சோழி உருட்ட வாரா வாரம் பஸ் ஏறி வருகிறானே, ஏன் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. என் ஆட்டம் அவ்வளவு பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனைப் பிடிப்பது சுலபம். அடைத்து வைப்பதுதான் முடியாது. நெல் குதிரில் இறக்கினால் எறும்பாகிவிட்டேன் என்பான். அறையில் பூட்டினால் சுவரில் நுழைந்துவிட்டேன் என்பான். கயிற்றுக் கட்டிலுக்கடியில் தள்ளினால் கட்டிலையே பாம்பாக்கிவிட்டேன் என்பான். சோழியும் வெட்கமில்லாமல் அவன் பக்கமே விழும். ஒரு வாரம் யோசித்து உண்மையைக் கண்டுபிடித்தேன். மந்திரவாதிக்குச் சுவர் சிறை இல்லை. மந்திரம் சொல்ல வாய் வேண்டும், முத்திரை காட்டக் கை வேண்டும், சக்தி ஏற மண்ணில் கால் பட வேண்டும். மூன்றையும் அடைத்தால் அவன் வெறும் தாமோதரன்.

இந்த மூன்றுக்கும் தோதான இடம் எங்கள் தறிதான். நெய்பவர் கால் வைக்கத் தறிக்குக் கீழே வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார வைத்து, பாதங்களை மிதிபலகையோடு கட்டிவிட்டால் மண் படாது. அசைந்தால் தறி சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் தறியில் ஓடிக்கொண்டிருந்தது அக்காவின் முகூர்த்தப் புடவை. வாலாஜாபாத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அரக்கு உடல், பச்சைக் கரை. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா, உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. கரைப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடாவை வாங்கிப் போட்டால்தான் உடலும் கரையும் பிணையும். அப்பா நெய்வார், கரைப் பக்கம் அக்கா. அவளுடைய கல்யாணப் புடவைக்கு அவளே நாடா தள்ளினாள், வாயே திறக்காமல்.

அன்று அமாவாசை. தறிக்கு ஓய்வு. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தாமோதரன் ஆட்டுக்குட்டி மாதிரி வந்து குழியில் உட்கார்ந்தான். வாயில் துண்டு, கையில் சணல், காலில் சணல். எல்லாம் இறுக்கிக் கட்டியது நான். அப்போதுதான், எங்கள் ஆட்டத்தை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத அக்கா கூடத்துக்கு வந்தாள்.

"எம்மா நேரம்டா காவல் காத்துக்கினு நிப்பீங்க? மேட்னிக்குப் போய் வாங்க. நான் பாத்துக்கறேன்."

சினிமாவுக்குக் காசும் அவளே கொடுத்தாள். எங்கள் வீட்டில் காசு கேட்காமல் கிடைத்தது அந்த ஒரு முறைதான். ராஜாவும் நடுவரும் ஓடினோம்.

திரும்பி வந்தபோது வாசலில் புதுச் செருப்புகள். அமாவாசை நல்ல நாளென்று மாப்பிள்ளையின் அம்மா புடவை பார்க்க வந்துவிட்டார். கோயிலிலிருந்து அப்பாவும் திரும்பிவிட்டார். தறிக்குழியில் என் மந்திரவாதி, கட்டியது கட்டியபடியே உட்கார்ந்திருந்தான். என் சிறை ஜெயித்துவிட்டது என்று ஒரு கணம் மார்பை நிமிர்த்தினேன்.

அந்த அம்மாள் புடவையைத் தடவிக்கொண்டே போனார். அவர் விரல் பொத்தென்று உள்ளே போயிற்று. உடலில் புதிதாக நாலு விரல் அகலம் நெய்யப்பட்டிருந்தது. கரையில் ஒன்றுமே இல்லை, வெறும் இழை.

"உடம்பு வேற, கரை வேறன்னு பிரிஞ்சி நிக்குதேபா. இதக் கட்டிக்கினு எம்புள்ள பக்கத்துல உக்காரணுமா?"

பிரித்து நெய்துவிடலாம் என்று அப்பா கெஞ்சினார். சகுனத்தைப் பிரித்து நெய்ய முடியாது என்று சொல்லி அவர் செருப்பை மாட்டினார். அப்பா திரும்பினார். தாமோதரன் கட்டிய கைகளைத் தூக்கிக் காட்டினான், கோயில் யானை மாதிரி. அப்புறம் அந்த வீட்டில் நாடா பிடிக்கத் தெரிந்த கை, கரையை விட்டுவிட்டு ஓடும் கை யாருடையது? அப்பா கணக்கில் என்னுடையதுதான். நான் மேட்னி, தனபால், சோழி என்றெல்லாம் உளறினேன். ஒன்றும் பலிக்கவில்லை, முதுகில் நான்கு விழுந்தது. சமையலறையில் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

மறுநாள் தென்னேரி மாமா வந்தார். "பத்திரிகை அடிச்சாச்சி. தேதி வீணாப் போவுது. எம்புள்ள சும்மாத்தான இருக்கறான்?" அதே தேதியில், திருத்தி நெய்த அதே புடவையில், அக்கா தாமோதரனைக் கட்டிக்கொண்டாள். மணமேடையில் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆசீர்வாதம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஜெயிலர் என்று பேர். இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள்கூட "ஜெயிலர் தாத்தா, யாராச்சும் மாட்னாங்களா?" என்று போனில் கேட்கிறார்கள். எப்படி நெய்தீர்கள் என்று மச்சானைக் கேட்டால், தறியை மந்திரத்தால் ஓட்டினேன் என்கிறார். பொய். தென்னேரியில் ஏர் பிடித்த கை அது. அந்த நாலு விரல் நெசவில் ஒரு இழைகூடப் பிசகவில்லை. அப்பா சாப்பிடப் போகும் நேரமெல்லாம் தறியில் உட்கார்ந்து பழகிய கை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. இது என் மண்டையில் ஏற எனக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று.

அடுத்த மாதம் அவர்கள் பேத்தி கல்யாணம். மேடையில் மைக் இருக்கும். மொத்த சொந்தமும் உட்கார்ந்திருக்கும். மச்சானை நான் கேட்கப்போவதில்லை. அக்கா, நீ ஏறு. அவர் கட்டை அவிழ்த்தது யார், நெய்தது யார், திரும்பக் கட்டியது யார்? எல்லோர் எதிரிலும் நீ வாய் திறந்து சொல்.