சிவப்புக்குக் கீழே நீலம்

"அது பால் காய்ச்சற பாத்திரம்..."

"கழுவிட்டா எல்லாம் பாத்திரம்தான்..."

"அதுல போய் தரை துடைக்கற லோஷனை ஊத்தி..."

"மூடி இருக்கறது இது ஒண்ணுக்குத்தான், நான் என்ன பண்ண?"

"புதுசா ஒரு பொம்மை இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"பொம்மை இல்ல, சிப்பாய்! தாண்டியாச்சு. இப்ப என்னங்கறே?"

அவள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் பன்னிரண்டு பேர், ஈட்டியும் கையுமாக லோஷனுக்குள் மல்லாந்து கிடந்தார்கள். உடம்பெல்லாம் அப்பி வைத்த சிவப்புப் பெயிண்ட்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், வீட்டுப் பரணில் ஏற்றியதை மட்டும் ஒருநாளும் இறக்கியதில்லை. பாதி பெயிண்ட் அடித்து அலுத்துப்போன படைகளெல்லாம் அங்கேதான் பெட்டிக்குள் படுத்திருந்தன. அலுத்ததும் கைபேசியில் அடுத்த பழைய பெட்டி வாங்குவார். விற்பவர் எப்போதும் ஒரே ஆள். 'பழைய படை' என்று பெயர். பார்சலில் அனுப்பியவர் முகவரி மட்டும் எப்போதும் தண்ணீர் பட்டு அழிந்திருக்கும்.

போன வருடச் சிப்பாய்ப் பொம்மைக் கண்காட்சியில் அவருடைய மேசை காலி. மைத்துனன் நாலு பேர் நடுவில் சொன்னான்: "மாமாவோட படை பதினோரு வருஷமா கிளம்பிக்கிட்டே இருக்கு." இவருக்குச் சுருக்கென்றது. "அடுத்த தடவை முழுப் படை நிக்கும். நிக்கலேன்னா என் பிரஷ் அத்தனையும் உனக்கு!" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அடுத்த தடவை நாளைக் காலை.

"தேய்ச்சா இந்தச் சிவப்பு போயிடும்," என்று ஒரு சிப்பாயை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"யாரோட டூத் பிரஷ் அது?"

"ஏதோ பழசு."

"என்னுது! நேத்துதான் பிரிச்சேன்!"

"அதான் இந்தத் தேய் தேய்க்குது."

சிவப்பு கரையவில்லை, பிசினாக இளகியது. ஓரிடத்தில் மட்டும் உரிந்து வந்தது. அவர் கத்தினார்.

"இங்க பாரு, கீழ நீலம்! என்ன அழகான நீலம்! முதல்ல வெச்சிருந்தவன் ரசிகன்டி. அதுக்கு மேல எந்தப் பன்னாடையோ சிவப்பைக் கொட்டியிருக்கு."

"பன்னாடைன்னெல்லாம் சொல்லாதீங்க."

"உனக்கேன் பொத்துக்கிட்டு வருது?"

"பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ!"

மற்றவர்களையும் ஒவ்வொருவராகச் சுரண்டிப் பார்த்தார். "ஆனா பாரு, ஆறு பேருக்குத்தான் நீலம். மீதி ஆறு பேர் சிவப்புக்குக் கீழ வெறும் பிளாஸ்டிக். பாதியில விட்டிருக்கான், சோம்பேறி."

"அப்படியும் சில பேர் இருக்காங்க," என்றாள் அவள்.

பிசினை எடுக்க நெயில் பாலிஷ் அழிக்கிற பாட்டிலைக் கவிழ்த்தார். பிசின் போயிற்று. கூடவே வேறு சிலதும் போயின.

"தளபதிக்கு மூக்கு எங்க?"

"கரைஞ்சுடுச்சு."

"வாய்?"

"அதுவும்தான். நல்லது, எதிர்த்துப் பேச மாட்டான். முகமூடிப் படைன்னு எழுதி வெச்சுடறேன்."

கரைந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். பிரிப்பதற்காகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். பிரிந்தார்கள், ஆனால் ஈட்டிகள் எல்லாம் தலை கவிழ்ந்துவிட்டன.

"யாரைக் கும்பிடறாங்க இவங்க?"

"ஜெயிச்சுட்டு வந்து வணக்கம் சொல்றாங்க!"

பாத்திரத்தைச் சமையலறை சிங்கில் கொட்டினார். சிங்க் அடைத்துக்கொண்டது. சிவப்புத் தண்ணீர் ஏறி வந்தது. கம்பி விட்டுக் குத்தியதில் அடைப்பு விலகியது. கூடவே இரண்டு சிப்பாய்கள் உள்ளே போய்விட்டார்கள்.

"இதுக்கு என்ன பேரு?"

"சுரங்கப் படை."

சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் மூக்கும் முழியும் இல்லாமல் பத்துப் பேர் கூனி நின்றார்கள். ஓர் ஈட்டியை விரலால் நிமிர்த்திப் பார்த்தார், அது மறுபடி கவிழ்ந்தது. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பிரஷ்தானே, தம்பிகிட்ட குடுத்துட்டுப் போங்களேன். எல்லாத்துக்கும் வீம்பா?"

அவ்வளவுதான், துள்ளி எழுந்தார்.

"குடுக்கறதா? என் பிணத்து மேலதான் அந்த பிரஷ்ஷை எடுக்கணும் அவன்!" கைபேசியில் படபடவென்று தட்டினார். "இதோ, இன்னொரு பெட்டி சொல்லியாச்சு. இன்னிக்கே வேணும்னு அவசரமும் போட்டாச்சு. பொழுது சாயறதுக்குள்ள அடிச்சு முடிக்கிறேன். முடிக்காம எழுந்தா ஏன்னு கேளு!"

"வாசப்படியைத் தாண்டாது, பாத்துக்குங்க."

"தாண்டும்!"

அவள் விருட்டென்று உள்ளே போனாள். சற்று நேரத்தில் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியோடு வந்தாள்.

"சும்மாதானே நிக்கறீங்க, இதைப் பிடிங்க. பரண்ல பழந்துணி எடுக்கணும், யாருக்காவது குடுத்துடலாம்."

அவர் பிடித்தார். போர்வையில் சுற்றிய மூட்டை ஒன்றோடு அவள் இறங்கி வந்தாள்.

"துணி என்ன கடகடங்குது?"

"பட்டன்."

அழைப்பு மணி அடித்தது. அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வழக்கமாக வரும் கூரியர்காரம்மா வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா! பலே! குடுங்கம்மா, குடுங்க." உள்ளே திரும்பி, "பாத்தியா? தாண்டப் போகுது!" என்றார்.

கூரியர்காரம்மா கைபேசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டையோடு நின்றவளைப் பார்த்தாள்.

"இருங்க சார், நான் இன்னும் எடுக்கவே இல்ல. எடுக்கற வீடும் இதுதான், குடுக்கற வீடும் இதுதான். போன தடவையெல்லாம் ஊரைச் சுத்தி மறுநாள் கொண்டாந்து குடுத்தேன். இன்னிக்கு அவசரம்னு போட்டிருக்கீங்க, அம்மா கையிலேருந்து நீங்களே வாங்கிக்கறீங்களா?"