நாற்பத்திரண்டாவது சர்ஜன்

"கார்டா? அரசாங்க இன்சூரன்ஸ் கார்டா?" என்று கேட்ட குரல், அடுத்த நொடியே "டாக்டர் ஊர்ல இல்லைங்க" என்று போனை வைத்துவிட்டது.

காலையிலிருந்து இப்படி ஊரில் இல்லாமல் போன சர்ஜன்கள் ஆறு பேர். எல்லாரும் சேர்ந்து அப்படி எந்த ஊருக்குத்தான் போகிறார்களோ!

கார்டை ஏற்கும் சர்ஜன்கள் பட்டியலில் ஆறாவது பெயரை அடித்துவிட்டு அவர் சோபாவைப் பார்த்தார். மனைவி வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பித்தப்பையில் கல். வலி வந்தால் முகம் வெளுத்துவிடும், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். இந்த வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று ஸ்கேன் பார்த்தவர் சொல்லியிருந்தார். கைக்காசில் செய்துகொள்ள வழியில்லை. கார்டுதான் கதி.

இதில் அவருக்கு வெட்கம் வேறு. அவர் வேலை பார்ப்பதே அந்தக் கார்டு ஆபீசில்தான். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் ஃபைல்களைச் சரிபார்ப்பார். முத்திரை ஒரு நூல் சாய்ந்திருந்தால் திருப்பி அனுப்புவார். தேதியில் புள்ளி இல்லையா, திருப்பி அனுப்புவார். அதனால் ஆபீசில் அவருக்கு வைத்த பெயர்தான் 'திருப்பி'. அதை அவர் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார். அன்றன்றைக்குப் பிடித்த தப்புகளை மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தால்தான் அவருக்குச் சாப்பாடே இறங்கும்.

"என்னங்க, கடைசியிலேருந்து கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? தலைகீழாப் போனா அது என்ன முறை?"

ஏழாவது எண்ணில் ஒரு சலவைக் கடைக்காரர் எடுத்தார்.

"சார், இந்த மாசம் நீங்க பதினோராவது ஆளு. சட்டையில கறைன்னா எடுத்துத் தரேன். வயித்துல இருக்கிற கல்லெல்லாம் நம்மால ஆகாது."

"அரசாங்கப் பட்டியல்ல உங்க நம்பர்தானே போட்டிருக்கு!"

"அப்ப அரசாங்கத்தைத்தான் கேக்கணும்."

அரசாங்கம் தலையைச் சொறிந்துகொண்டது.

போன் வேலைக்கு ஆகாது, நேரில் போய் ஆபீஸ் பேரைச் சொன்னால் காரியம் முடியும் என்று கிளம்பினார். எட்டாவது ஆஸ்பத்திரியில் வரவேற்புப் பெண், "டாக்டர் இருக்காரு, உக்காருங்க சார்" என்றாள். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

"நான் யாருன்னு தெரியுமில்ல? கார்டு ஆபீஸ். சரிபார்ப்புப் பிரிவு."

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். மரியாதை என்று நினைத்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சர்ஜனே வெளியே வந்தார், கையில் தடிமனான ஒரு ஃபைலோடு.

"நாலு தடவை திரும்பி வந்திருக்கு சார் இது! முதல் தடவை முத்திரை சாய்ஞ்சிருக்காம். ரெண்டாவது தடவை நேரா இருக்கு, ஆனா மங்கலாம். மூணாவது தடவை பளிச்சுன்னு இருக்கு, கையெழுத்து மேல பட்டுடுச்சாம். நாலாவது தடவை என்ன சொன்னாங்க தெரியுமா? முதல்ல வச்ச முத்திரையே தேவலையாம்! அன்னைக்குத்தான் கார்டுக்கே பெரிய கும்பிடு போட்டேன். யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

தாளின் அடியில் தன் கையெழுத்து அழகாகச் சுழித்துக் கிடப்பதை அவர் பார்த்தார்.

"அது... வேற செக்‌ஷனுங்க" என்று முனகிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தார்.

ஒன்பதாவது இடத்தில் முன்ஜாக்கிரதையாகத் தன்னை டிராயிங் மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டார். நீட்டிய கார்டில், வேலை பார்க்கும் இடம் என்று அவர் ஆபீஸ் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சர்ஜன்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு என்பது அவருக்கு அப்போது தெரியாது. பத்தாவது ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேருவதற்குள் அவர் போட்டோ போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் காவலாளி, கையிலிருந்த போனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊர்ல இல்லைங்க."

"யாரு?"

"எல்லாரும்தான்."

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சமையலறைத் தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பிக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் என்னாலதான். ஒரு சர்ஜனை விடாம நானே விரட்டியிருக்கேன். இப்ப உனக்குன்னு ஒருத்தர் மிச்சமில்ல."

"கடைசிப் பேரைக் கூப்பிடுங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நடுவுல முப்பத்தோரு பேர் இருக்காங்களே..."

"என்னங்க!"

கூப்பிட்டார்.

நாற்பத்திரண்டாவது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சர்ஜன் ஒரு நடுத்தர வயது அம்மாள். "கார்டா? தாராளமா" என்றார். இவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. சாயங்காலம் ஃபைல் போனது. மறுநாள் காலை அனுமதி வந்தது. பத்து மணிக்கு மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

இருப்புக்கொள்ளாமல் வராந்தாவில் நடந்தவரின் கண், ஆளில்லாத கவுன்டரில் கிடந்த ஃபைல் கட்டின் மேல் விழுந்தது. பழக்க தோஷம், கை சும்மா இருக்கவில்லை. மேலே இருந்ததைப் பிரித்தார். முத்திரை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. தேதியில் புள்ளிகள் அத்தனையும் இருந்தன. அடடா, இது அவருக்கு நன்றாகத் தெரிந்த ஃபைல்! அவர் மேஜைக்கு வரும் ஃபைல்களில் ஆஸ்பத்திரியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மூன்று வருஷமாக இந்த ஓர் எண்ணை மட்டும் அவரால் திருப்பி அனுப்பவே முடிந்ததில்லை.

தரை கூட்டிக்கொண்டிருந்த ஆயாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதெல்லாம் யாரு எழுதறது?"

"ஒரு அக்கா சார். வாரத்துல ரெண்டு மத்தியானம் வருவாங்க. கார்டு ஆபீஸ்ல யாரோ ஒரு முசுடு இருக்காராமே, அவரு எதுக்கு என்ன நொட்டை சொல்வாருன்னு அக்காவுக்கு அத்துப்படி. அவங்க இல்லேன்னா எங்க டாக்டரம்மாவும் கார்டை எப்பவோ விட்டிருப்பாங்க."

முசுடு என்றதுகூட அவருக்கு உறைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"தெய்வம்மா அவங்க! என் பொண்டாட்டிக்கு இன்னைக்கு ஒரு சர்ஜன் கிடைச்சாங்கன்னா அது அவங்க புண்ணியம். வயசு வித்தியாசம் பாக்காம கால்ல விழுந்துடறேன். எங்க இருக்காங்க, சொல்லும்மா!"

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூடியிருந்த தியேட்டர் கதவைக் கை காட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். அவங்களுக்குத்தான் உள்ள கல்லு எடுத்துக்கிட்டிருக்காங்க."