மாமனாருக்குக் காது வந்த கதை

என் மாமனாருக்கு மூளை மங்கிவிட்டது என்று கண்டுபிடித்த மேதை நான்தான். (படித்தது பி.காம். அதிலும் ஒரு பேப்பர் பாக்கி.)

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், "சாத்தூருக்கு லோடு அனுப்பணும் மாமா" என்றால், "சாத்துக்குடி எதுக்கு?" என்பார். காலையில் சொன்னதை மதியம் கேட்டால், "எங்கிட்ட யாரு சொன்னா?" என்று சண்டைக்கு வருவார். அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவருடைய நாற்காலியில் நான் உட்காருவதாக மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

நானும் என் மனைவி செல்வியும் அவரைத் திருநெல்வேலி டாக்டரிடம் அழைத்துப் போனோம். மறதிப் பட்டியலை ஒப்பித்தேன். டாக்டர் மாமனாரின் காதருகே சத்தமாக நாலைந்து கேள்வி கேட்டார். டாண் டாணென்று பதில் வந்தது. பிறகு முதுகுப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டார். மூச்சில்லை.

"காதுதான் மந்தம். காதுல விழாதது மண்டையில எப்படி நிக்கும்? இப்படியே விட்டா பேச்சுத்துணை குறைஞ்சு, நெசமாவே ஞாபகமும் போகலாம். மெஷின் மாட்டுங்க" என்றார்.

அன்றே மாட்டினோம். சட்டைப் பையில் சின்னப் பெட்டி. அதிலிருந்து காதுக்கு ஒயர். பஸ் ஏறியதும், "ஹாரன் சத்தம் மண்டையப் பொளக்கு, மாப்ள. ஆஃப் பண்ணிட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

என் வாய் திறந்துகொண்டது. கோவில்பட்டி வரும்வரை செல்வியிடம் பொரிந்து தள்ளினேன்.

மறுநாள் வீடு நிறைய சொந்தக்காரர்கள். சாப்பிடும்போது செல்வியின் அண்ணன் கேட்டார்: "ஞாபகம் இப்ப எப்படிப்பா இருக்கு?"

"சோதிச்சுப் பாரேன்" என்றார் மாமனார். "நேத்து கயத்தாறுல மெஷினை மறுபடி போட்டேன். மாப்ள சொன்னாவ: கிழவன் நாற்காலிய விடமாட்டேங்காரு. உங்கண்ணன் ஒரு மண்ணாந்தை. உங்க சித்தி இட்லிய எறிஞ்சா ஆளு செத்துருவான்."

மண்ணாந்தை என் எதிரில் உட்கார்ந்திருந்தார். சித்தி என் இலையில் இட்லி வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் விட்டுப்போச்சா, மாப்ள?"

செல்விதான் எடுத்துக்கொடுத்தாள்: "அம்மா குறட்டையப் பத்திச் சொன்னத விட்டுட்டீங்களேப்பா!"

மாமியார் கரண்டியோடு திரும்பினார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் மாமனார்தான் ஆபீஸை நடத்தினார், கடைசிவரை தெளிவாக. எனக்கு பேக்கிங் பக்கம் ஒரு ஸ்டூல்.

இப்போது எனக்கே காது மந்தம். மூளை மங்குமுன் மாட்டிவிட வேண்டும் என்று செல்வி மெஷின் வாங்கித் தந்துவிட்டாள். புதிதாக வந்த மருமகன் என் முன்னால் வாயே திறப்பதில்லை. அவனிடம் இந்தக் கதையைச் சொன்னது யார் என்று கேட்டேன். வீடே கையைத் தூக்கியது.