முடிக்க மனமில்லாத பள்ளிப் பாட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் முட்டிவலியும் அத்தானின் வாயும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அத்தான் காதில் விழும்படி சத்தமாகப் படி. கணக்கு வாத்தியாருக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கினாரே, அவர் நன்றாகக் கேட்கட்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கே பாட்டு எழுதியவன் நான்!

எழுதியது என்னவோ நாலு வரிதான். ஆசிரியர் அறையில் வாசித்ததும் ஆரம்பித்தது வினை. ஆய்வகம் வராமல் அது என்ன பள்ளிப் பாட்டு என்று வேதியியல் வாத்தியார் முறுக்கிக்கொண்டார். நூலகத்தம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை, அவருக்கு ஒரு சரணம். தலைமையாசிரியை தான் கட்டிய தண்ணீர்த் தொட்டியைச் சேர்க்கச் சொன்னார், மறுக்க முடியுமா? தொட்டிக்கு எதுகையாகக் கெட்டி, சுட்டி என்று போட்டுத் தள்ளினேன். பாட்டு வாத்தியார் விடுப்பில் இருந்ததால் மெட்டுப் போட்டவர் உடற்பயிற்சி வாத்தியார். அவருக்குத் தெரிந்த ஒரே தாளம் லெஃப்ட் ரைட். முதல் நாள் காலை வணக்கக் கூட்டத்தில் மொத்தப் பள்ளியும் நின்ற இடத்திலேயே மிதித்ததில் கிளம்பிய புழுதியில் தலைமையாசிரியையைக் காணோம், தும்மல் மட்டும் கேட்டது. சரி, என் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன் அக்கா.

ஆனா மேடையில நின்னு பாடுற என் எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க இருக்காங்களே! இழுத்து, குழைஞ்சு, ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை பாடுறாங்க. தொட்டி வர்ற இடத்துல கண்ணையே மூடிக்கிறாங்க. முடிஞ்சதும் ஒருத்தி கையைத் தூக்கி, "சார், முதல்லேருந்து இன்னொரு தடவை பாடலாமா?"ன்னு கேட்டா. நான் உடனே தலையாட்டிட்டேன். தினமும் இதே கூத்துதான். அவங்களுக்கு முதல் பீரியடு என்னோட கணக்கு, அது பாட்டுலயே போயிடுது. போகட்டுமே! கலைக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?

உனக்கு என் வணக்கம். அத்தானுக்கு என் வணக்கத்தோடு பாட்டின் பிரதி ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கவிஞர் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. கணக்குப் பாடம் நகரவே இல்லை என்று தலைமையாசிரியை நேர அட்டவணையை மாற்றிவிட்டார். எட்டாம் வகுப்புக்கு இனி முதல் பீரியடு விளையாட்டு, கடைசி பீரியடு கணக்கு. இன்று காலை நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. தொட்டி வந்ததா என்றே தெரியவில்லை. மனசு விட்டுப்போய் மாலையில் வகுப்புக்குள் நுழைந்தேன். அதே பெண் கையைத் தூக்கி, "சார், பள்ளிப் பாட்டு ஒரு தடவை பாடிட்டு ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

பாடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பக்கத்தை மட்டும் அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.